பகிடியும் வதையும் வகுப்புத் தடையும்

எங்கட ஊரில் 'பகிடி' என்பது நல்ல சொல். கல்யாண வீட்டில் மச்சான்மார் மாப்பிள்ளையைப் பிடித்துப் பகிடி பண்ணுவார்கள். வட்டைக்குள் வேளாண்மை வேலை நடக்கும்போது பகிடி இல்லாவிட்டால் பொழுது நகராது. பகிடிக்கு ஆளானவரும் கடைசியில் சிரித்துவிடுவார். அவர் சிரிக்காவிட்டால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, அது தானாகத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதே சொல்லோடு இன்னொன்று ஒட்டிக்கொள்கிறது: பகிடிவதை. தமிழ்நாட்டில் ராகிங் என்றே சொல்கிறார்கள். சிங்களத்தில் 'நவக வதய' என்பார்கள், புதியவர்களுக்குச் செய்யும் வதை என்று அர்த்தம். அதில் பகிடிக்கு இடமே இல்லை. நாங்கள் மட்டும் வதைக்கு முன்னால் பகிடியை வைத்திருக்கிறோம். யாராவது முறைப்பாடு செய்தால் உடனே வரும் பதிலும் அந்த முன்பாதிதான்: "சும்மா பகிடிக்குத்தானே மச்சான், இதுக்குப் போய்..."

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வகை வன்முறைகளையும் தடை செய்கிற சட்டம். மாணவர் ஒருவருக்கு உடலிலோ மனதிலோ காயத்தை, வேதனையை, பயத்தை உண்டாக்கும் செயலும், உண்டாக்கக்கூடிய செயலும் அதன்படி பகிடிவதைதான். செய்தவர் சிரித்தாரா என்ற கேள்வி அங்கே இல்லை. கெம்பஸ் வாசலுக்கு வெளியே, போடிங்கில் நடந்தாலும் அதே குற்றம்தான். தண்டனை இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொந்தரவோ பாரதூரமான காயமோ இருந்தால் பத்து வருடம் வரை. பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி, வதையிலிருந்து தப்பிக்க இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். அதற்குப் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், சீனியர்கள் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்துபோனார். தமிழ் மாணவரான அவரை வதைத்தவர்களும் தமிழ் பேசுகிற சீனியர்கள்தான். அடுத்த வருடம் சட்டம் வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அதே கதைதான். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த முதலாம் வருட மாணவர் நாவரசுவை ஒரு சீனியர் கொன்றார். நாவரசுவின் தந்தை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே பாதுகாப்பு இருக்கவில்லை. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வழக்கு போன போக்கையும் பார்க்க வேண்டும். 1998இல் கடலூர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 2001இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது, 2011இல் உச்சநீதிமன்றம் மறுபடியும் தண்டனையை உறுதிப்படுத்தியது. நாவரசு உயிரோடு இருந்திருந்தால் அந்த நேரம் டொக்டராகிப் பத்து வருடம் ஆகியிருக்கும்.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் மாடிப்படியில் உருட்டிவிடப்பட்ட ஒரு டயர் பசிந்து ஹிருஷான் என்ற முதலாம் வருட மாணவரின் தலையில் மோதியது. அவர் நீண்ட காலம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். 2022இல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு யுனிசெப்போடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட மாணவர்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் வாய்மொழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதைதான் காரணம் என்று எழுந்த குற்றச்சாட்டில் மாணவர்கள் கைதானார்கள். அதே வருடம் ஜூலையில் எங்கட பக்கத்து ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், ஒரு காணொளி பரவியதைத் தொடர்ந்து 22 மாணவர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள்.

அந்த 22 பேர் செய்தி வந்த கிழமை எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் அதுதான் பேச்சு. கவனித்துக் கேட்டோம். "22 குடும்பம் மனே, 22 குடும்பம்" என்றார்கள் பெரியவர்கள். வதைக்கு ஆளான பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுடைய குடும்பங்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. தண்டனை கிடைத்தவர்களின் எண்ணிக்கை பத்திரிகையில் வருகிறது, மற்றது வருவதில்லை. ஊரும் பத்திரிகையில் வந்ததைத்தான் எண்ணுகிறது.

இந்தக் கட்டுரையை எழுத எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம். இறக்காமத்தில் இரண்டு பேர், வரிப்பத்தான்சேனையில் ஒருவன், சம்மாந்துறையில் ஒருவன். எந்தக் கெம்பஸ் என்பது இங்கே தேவையில்லை. ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம், ஒரே போடிங்கில் ஒரே அறை. முதலாம் வருடம், மூன்றாவது கிழமை, இரவு பதினொரு மணிக்குப் பிறகு போடிங்குக்குப் பின்னால் இருந்த காணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சல்லிக்கல்லில் முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். எங்களில் ஒருவனிடம் கெட்ட வார்த்தையில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அவன் "ஏலாது" என்றான். அடித்தார்கள். மூன்றாவது அடி காதில் விழுந்தது.

அடுத்த நாள் காலையில் அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். அன்று பின்னேரமே நாலு பேரும் கையெழுத்து வைத்து முறைப்பாடு கொடுத்தோம். திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள், யார் அடித்தது, எல்லாவற்றையும் எழுதினோம். அடித்தவரைப் பெயர் சொல்லி எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அவர் எங்கட பக்கத்து ஆள். எங்கட வாப்பாமாரும் அவருடைய வாப்பாவும் ஒரே வட்டையில் வேளாண்மை செய்கிறவர்கள். கெம்பஸ் போக முதல் அவரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

சீனியர்கள் ஜூனியர்களிடம் முதலில் வற்புறுத்துவதும் இந்த முறைச்சொல்லைத்தான். அண்ணா என்று கூப்பிடு, காக்கா என்று கூப்பிடு, பெயர் சொன்னால் முழங்காலில் நில். எங்கட வீடுகளில் காக்கா என்றால், வாப்பா இல்லாத நேரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர், தன் பழைய சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு நடந்து போகிறவர். அந்தச் சொல்லுக்கு உள்ள மரியாதை அப்படி வந்தது. அடித்து வாங்குகிற காக்காவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

முறைப்பாடு கொடுத்த பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. எங்கட பெச்சுக்குள்ளேயே எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். வட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோட்ஸ் தருவதில்லை. கென்டீனில் நாங்கள் இருந்த மேசைக்கு யாரும் வருவதில்லை. சிங்களப் பெடியன்கள் இப்படிப்பட்டவர்களை 'அல' என்பார்கள், உருளைக்கிழங்கு. எங்களுக்கும் ஒரு பட்டம் வந்தது, அதை இங்கே எழுதத் தேவையில்லை. ஒரு ஆறுதல் இருந்தது: நாலு பேராக இருந்தோம். தனியாக முறைப்பாடு கொடுக்கிற ஒருவர் இதை எப்படித் தாங்குவார் என்று அப்போதுதான் யோசித்தோம். படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. சிலர் அடியைத் தாங்கிக்கொள்வார்கள், அடிக்குப் பிறகு வருகிற மௌனத்தைத் தாங்க முடிவதில்லை.

விசாரணை எட்டு மாதம் இழுத்தது. மூன்று தடவை, மூன்று வேறு குழுக்களுக்கு முன்னால், எங்கட கூட்டாளி அதே கதையைச் சொன்னான். அந்த எட்டு மாதமும் அடித்தவரும் அடி வாங்கியவனும் ஒரே வாசலால் போய் வந்தார்கள். கடைசி அமர்வுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது லீவில் ஊருக்கு வந்திருந்தோம். அப்போதுதான் அவருடைய வாப்பா வீட்டுக்கு வந்தார்.

அஸருக்குப் பிறகு, கூட இரண்டு பெரியவர்களோடு வந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தா, அவர் தொடவில்லை. நாலு பேரையும் கூப்பிடச் சொன்னார். சுற்றி வளைக்காமல்தான் பேசினார்.

"தம்பிமார், அவன் செஞ்சது பிழதான். நான் நாயம் பேச வரல்ல. எங்கட குடும்பத்துல முதன்முதலா கெம்பஸ் போன புள்ள அவன். படிப்பு நிண்டா திரும்பவும் என்னோட வட்டைக்குத்தான் வரணும். ஒரு புள்ளட வாழ்க்க உங்கட கையில இரிக்கி. அந்தக் கடதாசிய வாபஸ் எடுங்க."

அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கட வாப்பாமாரின் கைகள் மாதிரியே இருந்தன. அவரோடு கோபப்பட எங்களால் முடியவில்லை. இப்போதும் முடியாது.

காது பாதிக்கப்பட்டவனுடைய வாப்பாதான் பதில் சொன்னார். "காக்கா, நீங்க வந்ததுக்கு நான் மதிக்கன். மாப்புக் குடுக்கிறது என்ட மகன்ட வேல, அதுல நானும் தலையிட ஏலா. உங்கட மகன் இன்னும் வந்து கேக்கல்லியே."

பிறகு எங்கட கூட்டாளி மெதுவாகச் சொன்னான்: "அவர் வந்து கேட்டா நான் மாப்புக் குடுப்பன் மாமா. ஆனா மாப்பு வேற, முறைப்பாடு வேற. அடுத்த வருசம் வாற புள்ளையளுக்கும் சேத்துத்தான் நாங்க எழுதின."

அந்த மூன்று வசனத்தைத் தாண்டி இந்த விசயத்தில் எங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பலரும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை, அநியாயம் செய்யப்பட்டவர் மன்னிக்காமல் தீராது என்பது எங்கட ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹக்குல் இபாத் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஒரு பிரச்சினை வந்ததும் மன்னிப்பைக் கேட்பது குற்றம் செய்தவர் இல்லை. வாப்பா கேட்கிறார், மாமா கேட்கிறார், பள்ளி நிர்வாகம் கேட்கிறது, சில நேரம் லெக்சரரே கேட்கிறார். மன்னிக்க வேண்டியவன் மேல்தான் பாரம் முழுக்க விழுகிறது. "ஒரு புள்ளட வாழ்க்க உங்கட கையில" என்றால், அடித்த கைக்கு ஒரு பொறுப்பும் இல்லாமல் போய்விடுகிறது.

வதைக்கு ஆதரவாக இன்னொரு நியாயமும் சொல்வார்கள். பணக்காரனையும் ஏழையையும் ஒன்றாக்குகிறதாம், 'பெச் பிட்' வருகிறதாம். நாங்கள் பார்த்தது வேறு. வசதியானவன் ஒரு மாதம் வீட்டில் நின்றுவிட்டு, எல்லாம் அடங்கியதும் வருகிறான். வெளிநாட்டுக்கோ தனியார் கம்பஸுக்கோ போக அவனுக்கு வழி இருக்கிறது. இசட் ஸ்கோர் ஒரு புள்ளி குறைந்தால் போய்விடும் என்று இரண்டு தரம் ஏ.எல். எழுதி வந்த கமக்காரன் பிள்ளைக்குத்தான் வேறு இடம் இல்லை. அவன்தான் இருந்து வாங்குகிறான். இலவசக் கல்வியில் கிடைத்த ஒரு இடத்தை, காசு கட்டாமல் படிக்கிற இன்னொரு ஏழைப் பிள்ளையே பிடுங்குகிறது. அடித்தவரும் அடி வாங்கியவனும் ஒரே வட்டைக்காரர்களின் பிள்ளைகள் என்பதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை, கவலைதான்.

அப்படியானால் தண்டனை எப்படி இருக்க வேண்டும்? எங்கட ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பது, மாடுகளை வட்டையிலிருந்து எந்தத் திகதிக்கு முன் அகற்றுவது, எல்லாம் அங்கே முடிவாகும். அதற்குப் பிறகு மாடு வயலில் இறங்கினால் வட்டவிதானை வந்து பார்ப்பார். எத்தனை நாள் பயிர், எவ்வளவு அழிவு என்று மதிப்பிடுவார்கள். மாட்டுக்காரர் நட்டம் கட்டுவார். இழுத்தடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், சண்டை வருவதும் உண்டு. ஆனாலும் பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும், இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை ஒரே பள்ளியில் தொழுவார்கள்.

அதில் நாலு விசயம் இருக்கிறது. விதி முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். பார்க்க வேண்டியவர் உடனே வந்து பார்க்கிறார். தண்டனை அழிவின் அளவுக்குத்தான். அது பயிரை இழந்தவருக்குப் போய்ச் சேருகிறது.

கெம்பஸில் இந்த நாலில் ஒன்றாவது ஒழுங்காக நடக்கிறதா? விதிகள் இருக்கின்றன, ஆனால் முதலாம் வருடப் பிள்ளைக்கு விதிக்கு முன்னமே சீனியரின் விதி போய்ச் சேருகிறது. விசாரணை மாதக்கணக்கில் நீள்கிறது. தண்டனை சிலருக்கு வெறும் எச்சரிக்கை, சிலருக்கு ஒரேயடியாகப் படிப்பே போகிறது, ஏன் அப்படி என்று யாருக்கும் விளக்கம் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. காது வைத்தியத்துக்குப் போனதால் எங்கட கூட்டாளி தவறவிட்ட ஒரு பரீட்சையை அடுத்த வருட ஜூனியர்களோடு இருந்துதான் எழுதினான். வகுப்புத் தடை முடிந்து வருகிறவரை வாசலில் வரவேற்று செல்பி எடுக்கிறார்கள். தடைக்காலத்தில் அவரோடு ஒரு ஆலோசகராவது உட்கார்ந்து பேசியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

தண்டனையைக் கடுமையாக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பத்து வருடம் சிறை என்று 1998இலேயே எழுதியாகிவிட்டது, அதைவிடக் கடுமையாக எதை எழுதுவது? நாங்கள் கேட்பது இதுதான். முறைப்பாடு வந்த அன்றே இரண்டு தரப்பையும் பிரித்து வையுங்கள், விடுதியிலும் வகுப்பிலும். விசாரணைக்கு ஒரு முடிவுத் திகதி வையுங்கள். ஒரே கதையை ஒரே தடவை பதிவு செய்யுங்கள். முடிவை முறைப்பாட்டாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தவறிய பரீட்சைக்கு உரிய வழி செய்யுங்கள். தடை விதித்தவரையும் வெறுமனே வீட்டுக்கு அனுப்பாமல், திரும்பி வருமுன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். இந்தியாவில் 2009இலிருந்து சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதனால் அங்கே வதை ஒழிந்துவிடவில்லை. ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று எந்தக் குடும்பமும் பிறகு சொல்ல முடியாது. இங்கேயும் அந்த வாப்பா விசாரணையின் கடைசிக் கிழமையில் எங்கட வீட்டுக்கு வராமல், முதல் கிழமையில் தன் மகனிடம் போயிருப்பார்.

நாங்கள் முறைப்பாட்டை வாபஸ் எடுக்கவில்லை. அவருக்கு இரண்டு செமஸ்டர் வகுப்புத் தடை கிடைத்தது. படிப்பு போகவில்லை. அந்த இரண்டு செமஸ்டரும் வாப்பாவோடு வட்டையில் நின்றார், இப்போது திரும்பி வந்து படிக்கிறார். மாப்புக் கேட்டு இன்னும் வரவில்லை. அவருடைய வாப்பாவுக்கும் எங்களுக்கும் சலாம் நிற்கவில்லை. போன பெருநாளைக்கு அவர்தான் முதலில் கை கொடுத்தார். எங்கட கூட்டாளிக்கு இடது காதில் இரைச்சல் இன்னும் இருக்கிறது. அவன் வகுப்பில் வலப்பக்கம் காட்டித்தான் உட்காருகிறான்.

புதிதாகப் போகிற தம்பி தங்கச்சிமாருக்குக் கொஞ்சம்: போக முதல் அந்தச் சட்டத்தை ஒருதரம் வாசியுங்கள், சில பக்கங்கள்தான். இரவில் கூப்பிட்டால் போகாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏதாவது நடந்தால் அன்றைக்கே எழுதி வையுங்கள்: திகதி, நேரம், இடம், பெயர், பார்த்தவர்கள். காயம் இருந்தால் ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள். மாணவ ஆலோசகரிடம், புரொக்டரிடம், அது சரிவராவிட்டால் மானியங்கள் ஆணைக்குழுவிடம் அல்லது பொலிஸில் சொல்லுங்கள். ஆணைக்குழுவுக்கு இணையத்திலும் முறைப்பாடு செய்யலாம். வீட்டிலும் சொல்லுங்கள். முடிந்தால் தனியாகக் கொடுக்காதீர்கள், இரண்டு பேராவது சேர்ந்து கையெழுத்து வையுங்கள்.

ஊரில் இருக்கிற வாப்பாமாருக்கு, உம்மாமாருக்கு ஒன்றுதான். உங்கட பிள்ளை இரண்டாம் வருடத்துக்குப் போகும்போது, "புதுப் புள்ளையளோட எப்படி நடக்கிறாய்?" என்று ஒரு தரம் கேளுங்கள். முதலாம் வருடத்தில் "உன்ன ஏதும் செஞ்சாங்களா?" என்று கேட்டவர்கள்தானே நீங்கள்.